அசனத்தன்று நின்ற ஆர்மோனியம்

நண்பரே,

எதையும் வரிசைப்படுத்தாமல் எழுத எனக்கு இந்த வயதிலும் வரவில்லை. நீர் சிரிப்பீர் என்று தெரிந்தே முதலில் எண் போட்டுவிடுகிறேன்.

1. நேற்று வக்கீல் வீட்டில் நான் கேட்ட கிராமபோன் பிளேட்.
2. கொழும்பில் நீர் கற்று வந்தது.
3. அசனத்தன்று நீர் பாட்டை விட்டு வெளியே போனதும், அதனால் என் ஆர்மோனியம் நின்றதும்.
4. கமிட்டியின் முன் நான் வைத்த தாள்.

வக்கீல் என் பழைய மாணவர். ஜெர்மன் சண்டை முடிந்து கப்பல்கள் ஒழுங்காக வரத் தொடங்கியதும் பம்பாயிலிருந்து பிளேட்டுகள் வரவழைக்கிறார். நேற்றுச் சாயங்காலம் பாளையங்கோட்டையில் தம் வீட்டுக்கு அழைத்து, ஒரு கறுப்புப் பிளேட்டைத் துணியால் துடைத்து வைத்தார். அரக்கு வாசனை அடித்தது.

"ஐயா, அமெரிக்காவுல புதுசாக் கெளம்பியிருக்க சங்கீதமாம் இது. ஜாஸுன்னு பேரு. இதுல எவன் தப்பா வாசிக்கான்னு நீங்கதான் சொல்லணும்" என்றார். என்னிடம் படித்தவர்கள் எல்லோருக்கும் என்னைப் பற்றி இந்த ஒரு நினைப்புதான்.

ஊசி இறங்கியது. ஒரே வீட்டில் ஐந்து பேர் ஒரே சமயத்தில் பேசுவது போல இருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு கிளாரினெட் எழுந்து, பாட்டிலிருந்து விலகி, வழுக்கிக்கொண்டு மேலே போயிற்று. வாசிப்பது நீர் இல்லை என்று தெரியும். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற யாரோ ஒருவர். ஆனாலும் பத்து வருஷத்துக்கு முன் நம் கோயில் பந்தலில் நீர் வாசித்ததுதான் அது. நான் தப்பு என்று வட்டம் போட்டதை இப்போது பிளேட்டில் பதித்து ஊர் ஊராக விற்கிறார்கள்.

"இன்னொரு தடவை வைக்கலாமா?" என்று கேட்டேன். வக்கீல் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுச் சாவி கொடுத்தார்.

உம்முடைய தாத்தா களக்காட்டுப் பக்கம் நாகசுரம் வாசித்தவர். கிறிஸ்து வேதத்துக்கு வந்தபோது கருவியை விட்டுவிட்டு வந்தார். உம் அப்பாவோ வாயால் சீட்டி அடிக்கக்கூடப் பயந்தவர். நீர் கப்பல் வேலைக்குப் போய்ப் போய் வந்தவர்; ஒரு தடவை தூத்துக்குடியில் கப்பல் ஏறி, சமையற்கட்டில் வெங்காயம் உரித்து, கொழும்பில் இறங்கினீர். அங்கே ஓர் ஓட்டலில் வாசிக்க வந்திருந்த அமெரிக்கக் கறுப்பு வாத்தியக்காரர்களுக்குப் பெட்டி தூக்கும் வேலை உமக்குக் கிடைத்தது. ஏழு மாதம் அவர்களோடு இருந்தீர். ஊர் திரும்பியபோது உமது கையில் ஒரு பழைய கிளாரினெட் இருந்தது.

"அவுங்களுக்குத் தாளே கெடையாது சார்வாள். பாட்டை ஒருத்தன் புடிச்சிருப்பான். இன்னொருத்தன் வெளிய போயிட்டு வருவான். போனவனை யாரும் வையிறதில்ல. வழிய விட்டு நிக்காங்க" என்றீர்.

தாள் இல்லாமல் எப்படி என்று கேட்டேன். மிஷன் பள்ளியில் ஆங்கில எழுத்தால் சுரம் எழுதும் முறையைப் பதினெட்டு வருஷம் சொல்லிக்கொடுத்தவன் நான். தாளில் இல்லாத ஒரு சுரத்தை நான் ஆர்மோனியத்தில் தொட்டதே கிடையாது.

"பாட்டுங்கிறது ஊரு மாதிரி வே. சீவலப்பேரிக்கு ஒரே பாதையா இருக்கு? ஆத்தோரமாப் போவலாம், வயக்காட்டு வழியாவும் போவலாம். போயிச் சேந்தாச் சரி."

கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. இருந்தாலும் வயல்காட்டு வழியில் பாம்பு இருக்கும் என்று சொன்னேன். அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

அந்த வருஷம் போர்டிங் பள்ளிக்கூடத்துக்குப் பேண்டு வாத்தியார் தேவைப்பட்டார். நம் சபைக் கமிட்டி யாரைச் சொல்லுகிறதோ அவருக்குத்தான் வேலை. சபையார் எல்லோரும் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகையில் உம்மை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு முடிவு செய்வதென்று வைத்திருந்தார்கள். முந்தின நாள் ஒத்திகையில், நான் வாசித்துக் காட்டியதைக் காதால் கேட்டே, தாளில் உள்ளபடி ஒரு சுரம் பிசகாமல் வாசித்தீர். முடித்துவிட்டுச் சொன்னீர்: "இது கெடச்சுதுன்னா இனிமே கப்பல் ஏற மாட்டேன் சார்வாள். வீட்டுல அவ கையில அடிச்சுச் சத்தியம் பண்ணியிருக்கேன்." உம் மகளுக்கு அப்போது மூன்று வயது. ஒவ்வொரு தடவை நீர் திரும்பி வரும்போதும் அவள் உம்மைக் கண்டு அழுகிறாள் என்றும் சொன்னீர்.

அசனத்தன்று கோயிலுக்கு முன்னால் பந்தல். பந்தலுக்குப் பின்னால் அண்டா அண்டாவாகச் சோறு. ஜெபம் பண்ணிப் பந்தி வைப்பதற்கு முன் செஞ்சுருட்டி ராகத்தில் ஒரு கீர்த்தனை. காலால் மிதிக்கிற ஆர்மோனியம் எனக்கு, பக்கத்தில் நின்று கிளாரினெட் நீர். முதல் இரண்டு சரணமும் ஒழுங்காகப் போயின.

மூன்றாவது சரணத்தில் நீர் தாளத்துக்கு நடுவில் காலை வைத்தீர். அடி விழ வேண்டிய இடத்தில் விழாமல், கொஞ்சம் தள்ளி, அந்தக் கறுப்பு மனிதர்களின் துள்ளலில் விழுந்தது. துள்ளின சுரம் அப்படியே இழைந்து, நாகசுரக்காரர் ஊதுகிற மாதிரி நீளமாய் வளைந்தது. அது உமக்கு யார் சொல்லிக்கொடுத்தது? உம் தாத்தாவை நீர் பார்த்ததே இல்லையே. சாம்பார் கிளறிக்கொண்டிருந்தவர் கையோடு கரண்டியும் நின்றது. பெண்கள் பக்கத்தில் யாரோ தன்னை மறந்து குலவையிட்டுவிட்டார்கள். சபையில் அந்தச் சத்தம் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

என் கைகள் கட்டையை விட்டு எழுந்துவிட்டன. ஆர்மோனியம் நின்றது. நீர் தனியாக அந்தரத்தில் நின்றீர். திரும்பி என்னைப் பார்த்தீர். பிறகு ஒற்றை ஆளாகவே பாட்டைப் பழைய மெட்டுக்குக் கொண்டுவந்து முடித்தீர்.

"ஏலே, கோயிலா கூத்துக் கொட்டகையா இது?" என்று, மணியடித்துக் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை யாரையும் பார்க்காமல் கேட்டார்.

நீர் என்னிடம் குனிந்து, "ஏன் வே கைய எடுத்தீரு?" என்றீர்.

"தாள்ல இல்லையே."

"தாள்ல பசியுந்தான் இல்ல. வாரும், பந்தி போட்டாச்சு."

அன்று நான் சரியாகச் சாப்பிடவில்லை.

கமிட்டி கூடுவதற்கு மூன்று நாள் இருந்தது. நான் அந்த மூன்று நாளும் உட்கார்ந்து, நீர் வாசித்த மூன்றாம் சரணத்தை நினைவிலிருந்து சுரம் சுரமாக எழுதினேன். மூலத்தை மேலே எழுதி, உம்முடையதைக் கீழே எழுதி, விலகின இடங்களில் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டேன். யாரும் கேட்காத வேலை. உண்மை துல்லியமாக இருக்க வேண்டும் என்று நினைத்துத்தான் செய்தேன்.

கமிட்டியில் சபை மூப்பர் அண்ணாச்சி மரியாதையாகத்தான் ஆரம்பித்தார். "சார்வாள், எங்களுக்கு வட்டியும் வியாபாரமுந்தான் தெரியும். நீங்க படிச்சவங்க. இவரு பாட்டை விட்டு வெளிய போயிட்டாரு, அதனாலதான் ஆர்மோனியப் பெட்டி நின்னுட்டுன்னு பேசுதாங்க. நெசந்தானா?"

"ஆமாம்" என்றேன். தாளை மேசைமேல் வைத்தேன்.

தாள் கை மாறி மாறி வந்து கடைசியில் உம்மிடம் வந்தது. உமக்கு அதைப் படிக்கத் தெரியாது. சிவப்பு வட்டங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தீர். "இம்புட்டையும் நானா வாசிச்சேன்?" என்றீர். உமது முகத்தில் கோபமே இல்லை. "அழகா எழுதியிருக்கீரு வே. இத நான் வச்சுக்கிடட்டுமா?"

வேலை நாகர்கோவில்காரர் ஒருவருக்குப் போயிற்று. அடுத்த மாதம் நீர் மறுபடி கப்பல் ஏறத் தூத்துக்குடிக்குப் புறப்பட்டீர். வழியனுப்ப நான் வரவில்லை. பரீட்சைத் தாள் திருத்த இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். அதற்குப் பிறகு நீர் ஊரில் இருந்த நாட்களை விரல் விட்டு எண்ணலாம். சண்டை தொடங்கிய இரண்டாம் வருஷம் உமது கப்பல் கரை சேரவில்லை என்று கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. ஆங்கிலக் கடிதம். உம் வீட்டில் என்னைத்தான் படித்துச் சொல்லக் கூப்பிட்டார்கள். இரண்டு தடவை படித்துச் சொன்னேன்.

நேற்று மூன்றாம் தடவை பிளேட் சுழன்றபோது கிளாரினெட்டை விட்டுவிட்டு மற்றவர்களைக் கேட்டேன். அது வெளியே போனதும் அடியில் கனத்த பித்தளை வாத்தியம் ஒன்று, ஒரு கணம் தயங்கி, அதோடு கூடவே திரும்பியது. யாரும் நிற்கவில்லை.

"ஐயா, உங்க கையி என்ன செய்யுது?" என்றார் வக்கீல்.

பார்த்தேன். மேசைமேல் என் இடது கை கட்டைகளைத் தேடித் தேடி அழுத்திக்கொண்டிருந்தது. புதிதாக எதையும் தேடவில்லை. கைக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்று அது. நான் யாருக்கும் சொல்லாதது, எனக்கே சொல்லிக்கொள்ளாதது.

அன்றைக்கு மூன்றாம் சரணத்தில் நீர் விலகியவுடன் நான் நிறுத்தவில்லை. நான்கு ஆவர்த்தம் வாசித்தேன். தாளில் இருந்ததை அல்ல. நீர் வளைந்த இடத்தில் என் இடது கையும் வளைந்து, உமக்கு அடியில் போய் நின்றது. அது பொருந்தியது. பொருந்தியதைக் கேட்டதும்தான் எனக்குப் பயம் வந்தது. மூன்று நாள் உட்கார்ந்து உம்முடைய ஒவ்வொரு சுரத்தையும் எழுதினவன், என்னுடைய அந்த நான்கு ஆவர்த்தத்தை மட்டும் எழுதவில்லை. எழுதாமலே அது இன்னும் இந்தக் கையில் இருக்கிறது.

ஆகவே மேலே மூன்றாவதாக எழுதினது தவறு. நீர் வெளியே போனதால் ஆர்மோனியம் நிற்கவில்லை. நானும் உம்மோடு வெளியே வந்துவிட்டேன் என்று தெரிந்ததால் நின்றது.