நாலு தலை மலை

டென்வர்,
2.6.2024

அன்புள்ள சன்னாசி மாமாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. போனில் பேசினால் இரண்டே நிமிடத்தில் "சரி மாமா" என்று வைத்துவிடுகிறேன் என்று கோபித்துக்கொண்டீர்களே, அதனால் இந்த முறையும் பேனா எடுத்திருக்கிறேன். இங்கே வந்து பன்னிரண்டு வருடமாகிறது. தமிழ்ப்பள்ளியில் படித்த தமிழ் பாதி உதிர்ந்துவிட்டது. பிழை இருந்தால் சிரிக்காதீர்கள்.

பாப்பாவுக்கு ஏழு வயது முடிந்தது. அக்டோபரில் அவளுக்குப் பள்ளி விடுமுறை. அப்போது நாம் எல்லோரும் மூன்று நாள் மவுண்ட் ரஷ்மோர் போகலாம் என்று சுரேன் சொல்கிறார். மலைக் கல்லிலேயே இந்த நாட்டுத் தலைவர்கள் நான்கு பேரின் முகத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு முகமும் ஆறு மாடி உயரம். எங்கள் வீட்டிலிருந்து காரில் ஆறு மணி நேரம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இனிப்பைக் குறையுங்கள்.

அன்புடன்,
புனிதா


சுங்காய்,
21.6.2024

என் மருமகள் புனிதாவுக்கு மாமா சன்னாசி எழுதுவது. இங்கே நான் இரும்பு மாதிரி இருக்கிறேன். நீங்கள் மூவரும் அதில் பாதி இருந்தாலே எனக்குச் சந்தோஷம்.

உன் கடிதத்தில் பிழையா? யார் சொன்னது? "நாம் எல்லோரும் போகலாம்" என்ற வரியைத் தாவூத் கடையில் நின்று உரக்கப் படித்தேன். ரொட்டி சானாய் மாவை வீசிக்கொண்டிருந்த அவன் கை அப்படியே நின்றது.

"என்னாண்ணே, அமெரிக்காவா?" என்றான் தாவூத்.

"மருமக கூப்புடுறா லா. போவாம இருக்க முடியுமா?" என்றேன்.

அவன் மனைவி சக்கீனா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "அங்க குளிரு கொன்னுடும்ண்ணே, இந்தத் துண்டோட கெளம்பிடாதீங்க" என்றாள்.

குளிரைப் பற்றி எனக்கா சொல்வது? தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு நடந்தே ஏறியவன் நான். பாதி வழியில் ஒரு புலி. என் முகத்தைப் பார்த்தது. அதுவாகவே ஒதுங்கி வழிவிட்டது. உன் அம்மா நல்லம்மாள் உயிரோடு இருந்தால் சாட்சி சொல்வாள். அது பூனை என்றுதான் சொல்வாள். அக்காவுக்கு எப்போதும் என்மேல் கொஞ்சம் பொறாமை.

அந்த மலைப் படத்தைத் தாவூத் மகள் ஷாஹிஸ்தா தன் போனில் காட்டினாள். வேலை சுத்தம். ஆனால் நாலு தலைதானே இருக்கிறது, உடம்பு எங்கே? நான் லாரி ஓட்டிய காலத்தில் ஈப்போ கல்லுமலை இஞ்சினியரே என்னை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வெடி வைப்பார். நான் அங்கே இருந்திருந்தால் நாலு பேருக்கும் இடுப்பு வரைக்குமாவது வந்திருக்கும்.

பாஸ்போர்ட்டுக்கு ஈப்போ போய் எழுதிக் கொடுத்துவிட்டேன். படம் எடுத்தவன், "அங்கிள், சிரிக்காதீங்க" என்று நாலு தடவை சொன்னான். வாய் கேட்கவில்லை. விசாவுக்குக் கோலாலம்பூரில் கேள்வி கேட்பார்களாம். கேட்கட்டும். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக வந்து உட்காரச் சொல்லி என்னைக் கெஞ்சியிருக்கிறார்கள். ஆறாவதோடு நின்றவன் என்பது நான் சொன்னால்தானே தெரியும்.

நெத்திலி சம்பலும் முறுக்கும் கொண்டுவருகிறேன். பாப்பாவுக்குப் பாவாடை சட்டை, அளவு எழுது. காரில் எனக்கு முன் சீட்டு வேண்டும். பின்னால் உட்கார்ந்தால் வழி சொல்ல முடியாது.

வீடு எப்போதும்போலக் கலகலப்பாக இருக்கிறது. காலையில் டிவியைப் போட்டால் படுக்கும்வரை அணைப்பதில்லை.

பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்,
மாமா சன்னாசி


டென்வர்,
14.7.2024

அன்புள்ள மாமாவுக்கு,

இதைச் சொல்லத்தான் போன வாரம் போன் செய்தேன். எடுத்ததுமே, "பாஸ்போர்ட் வந்துருச்சு லா! படத்துல மந்திரி மாதிரி இருக்கேன்!" என்றீர்கள். பாப்பா கூப்பிடுகிறாள் என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன்.

மாமா, நான் எழுதியது தப்பு. "நாங்கள் எல்லோரும்" என்று எழுதியிருக்க வேண்டும். "நாம் எல்லோரும்" என்று எழுதிவிட்டேன். நாள் முழுதும் பேசுகிற இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். பிரித்து எழுத வேண்டும் என்பதே கைக்கு மறந்துவிட்டது. உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் நான் உங்களை அழைத்திருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது.

கிள்ளானிலிருந்து சுரேனின் அப்பாவும் அம்மாவும் அந்த மாதம் வருகிறார்கள். இரண்டு வருடமாகப் பேசிவைத்தது. காரில் ஐந்து பேர். வீட்டில் கூடுதலாக ஒரே ஓர் அறை. சுரேனிடம் கேட்டுப் பார்த்தேன். "மாமாவ இன்னொரு வருஷம் கூப்புடலாமே" என்றார். எந்த வருடம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

திட்டி ஒரு கடிதம் எழுதுங்கள் மாமா.

புனிதா


சுங்காய்,
2.8.2024

மருமகள் புனிதாவுக்கு,

அட மக்கு, இதற்கா அழுதுகொண்டே எழுதியிருக்கிறாய்? நாம் வேறு, நாங்கள் வேறு என்று எனக்குத் தெரியாதா? தோட்டப் பள்ளியில் இலக்கணத்தில் நான்தான் முதல். வாத்தியார் சின்னையா லீவு போட்டால் வகுப்பு என் கையில்தான். நீ தவறி எழுதியதைப் பார்த்த உடனே பிடித்துவிட்டேன். சும்மா சீண்டிப் பார்த்தேன், அவ்வளவுதான். பாஸ்போர்ட் எனக்கு எப்படியும் தேவைப்பட்டது. தாய்லாந்துப் பக்கம் ஒரு வேலை இருக்கிறது.

அதோடு அக்டோபரில் எனக்கு மூச்சுவிட நேரமில்லை. தெலுக் இந்தானில் ஒரு சீன முதலாளி, அவருடைய செம்பனைத் தோட்டத்து லாரிகளை நான் வந்து பார்த்தால்தான் ஆயிற்று என்கிறார். ஆள் விடமாட்டேன் என்கிறார்.

முன் சீட்டைச் சுரேன் அப்பாவுக்குக் கொடு. மலைக் காற்றில் பாப்பாவின் காதை மூடிவிடு. எனக்கு ஒரு வருத்தமும் இல்லையென்று சுரேனிடம் சொல். இரண்டு முறை சொல்.

ஒரு சின்ன விஷயம். தாவூத் உனக்குப் போன் செய்தால் ஒன்றும் சொல்லாதே. அவனுக்கு மனசு மெத்து, நான் போகவில்லை என்றால் தாங்கமாட்டான். சக்கீனா வேறு தன் தம்பியின் குளிர்ச்சட்டையைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள்.

வேலை தலைக்கு மேல் இருக்கும்,
மாமா சன்னாசி


சுங்காய்,
27.10.2024

புனிதாம்மா,

மலையிலிருந்து நீ போனில் அனுப்பிய படங்கள் வந்தன. ஐந்து பேரும் நன்றாக இருக்கிறீர்கள். மலையும் பரவாயில்லை.

தெலுக் இந்தானில் முதலாளி யாரும் இல்லை. அமெரிக்கா போகிறேன் என்று சுங்காய் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. போகாமல் எப்படி? தாவூதும் சக்கீனாவும் ஷாஹிஸ்தாவும் கடையைப் பூட்டிவிட்டு வழியனுப்ப வந்தார்கள். குளிர்ச்சட்டையைப் போட்டுக் காட்டச் சொன்னார்கள். அந்த வெயிலில் அதைப் போட்டுக்கொண்டுதான் கோலாலம்பூர் பஸ் ஏறினேன். சிலிம் ரிவரில் இறங்கி, வேறு பஸ் பிடித்து, தலையைக் குனிந்தபடியே சுங்காயைத் தாண்டி, தெலுக் இந்தான் போய்ச் சேர்ந்தேன்.

ஆற்றோரமாக ஒரு விடுதியில் எட்டு நாள். அமெரிக்கா என்றால் அதற்குக் குறைந்து திரும்ப முடியாது. தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று அறையைவிட்டு அதிகம் வெளியே வரவில்லை. சும்மாவும் இருக்கவில்லை. உன் படங்களை வைத்துக்கொண்டு கதை தயார் செய்தேன். பனி கொட்டியது. மூன்றாவது தலையின் மூக்கில் ஏறி நின்றேன். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் கீழேயிருந்து சல்யூட் அடித்தார். என் ஆயுசில் இத்தனை நல்ல கதை நான் கட்டியதில்லை.

வந்ததும் தாவூத் கடைக்குப் போனேன். நாற்காலி இழுத்துப் போட்டார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டோடு நகர்ந்து வந்தார்கள். மலையைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள் என்று உட்கார்ந்தேன். சக்கீனா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "புனிதா எப்படிண்ணே இருக்கா? மெலிஞ்சிட்டாளா?" என்றாள்.

எனக்கே தெரியாது, புனிதா. உன் அம்மாவின் காரியத்துக்கு நீ வந்துபோய் ஒன்பது வருடம். படத்தில் நீ கனத்த கோட்டுப் போட்டிருக்கிறாய். முகத்தில் பாதி பாப்பாவின் தொப்பிக்குப் பின்னால் இருக்கிறது. எவ்வளவோ இட்டுக்கட்டியவன், இதற்கு ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

"நான் போவல" என்றேன். "தெலுக் இந்தான்லதான் இருந்தேன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். தாவூத் ஒரு கிளாஸ் தேத்தண்ணீரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் போனான். இப்போதெல்லாம் நான் போனால் அண்ணே வாங்க என்கிறார்கள், இடம் கொடுக்கிறார்கள், ரொம்ப மரியாதையாக நடத்துகிறார்கள். கதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. வேறு விசேஷம் இல்லை.

நீ மெலிந்துவிட்டாயா? அதை மட்டும் எழுது.

மாமா