ஏற்புக்கு எதிராக

மார்ச் 4, செவ்வாய்

காலையில் பதிப்பாளர் அழைத்தார். 'ஏற்பின் இலக்கணம்' மூன்றாம் பதிப்பு காண்கிறதாம். புதிய முன்னுரை வேண்டுமாம். "இப்போ இதுக்கெல்லாம் நல்ல கிராக்கி சார். ஏசு, புத்தர், கீதை, கிரேக்கம், எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ!" துணிக்கடை திறப்பவரைப் போலப் பேசுகிறார். எழுதித் தருகிறேன் என்றேன்.

மதியம் மருத்துவமனை. மனைவியின் ஈரலில் புற்று மறுபடி தலைகாட்டியிருக்கிறது. இரண்டாம் சுற்று மருந்து ஏற்றிப் பார்க்கலாம் என்றார் மருத்துவர். பலித்தால் சில மாதங்கள் கூடும், பலிக்காமலும் போகலாம், படுத்தும் பாடு மட்டும் நிச்சயம். பத்தொன்பதாம் தேதிக்கு ஒரு படுக்கையை ஒதுக்கிவைப்பதாகவும் சொன்னார். அடுத்த கேள்வியை நான் மனத்துக்குள் ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தபோது அவள், இரண்டாவது கோப்பைத் தேநீரை மறுப்பவள் போல, "வேண்டாம் டாக்டர், போதும்" என்றாள்.

டாக்சியில் அவள்தான் பேசினாள்.

"மூணாவது அத்தியாயம், முதல் வரி. சொல்லுங்க பார்ப்போம்."

"இது விளையாட்டில்லை."

"'நம் வசத்தில் இல்லாததை இறுகப் பிடிப்பவன் தன் விரல்களையே முறித்துக்கொள்கிறான்.' நான்தானே தட்டச்சு பண்ணேன்? அப்பவே சொன்னேன், இந்த வரி நல்லாருக்குன்னு."

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆகவே அவளுடைய தீர்ப்பின் மேல் முறையீடு செய்ய வேறு நீதிமன்றமும் இல்லை.

மார்ச் 5, புதன்

அந்த வரியை எழுதியபோது எனக்கு வயது முப்பத்தொன்று. அதுவரை ஒரு பல்வலிகூட வந்ததில்லை.

மார்ச் 7, வெள்ளி

மாலை வீடு திரும்பியபோது கூடத்தில் மாநாடு. என் நாற்காலியில் மைத்துனர்: அவளுடைய தம்பி, தொழிலில் பாதிரியார். எதிரே மாடிவீட்டு அம்மாள்: வங்கியில் இருந்து ஓய்வுபெற்றபின் தியான வகுப்பு நடத்துகிறவர். தலைவலி என்றாலும் தண்ணீர் வரவில்லை என்றாலும் "மூச்சைக் கவனிங்க" என்பது அவர் வைத்தியம். மூச்சம்மா என்று நான்தான் பெயர் வைத்தேன். மனைவி கண்டிப்பாள், சிரித்துவிட்டுத்தான் கண்டிப்பாள்.

"அக்கா ரொம்பத் தெளிவா இருக்காங்க அத்தான். அது ஒரு அருள்" என்றார் மைத்துனர்.

"பற்று விட்டாச்சு சார். நாங்க வருஷக்கணக்கா உட்கார்ந்து பார்க்கறோம், வரமாட்டேங்குது. டீச்சருக்குத் தானா வந்திருக்கு" என்றார் மூச்சம்மா.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். மூன்றாவது சாட்சி நான், விதியைக் கலங்காமல் ஏற்கச் சொன்ன பழைய கிரேக்க ஸ்டோயிக்குகளின் தரப்பு.

"நீங்க எழுதினதுதானே அத்தான் இதெல்லாம்?"

"நான் எழுதியதை நீங்கள் படித்ததாக எனக்குத் தகவல் இல்லையே, சாமி."

"பாதி படிச்சேன். மீதிய மன்னிச்சேன்."

உள் அறையிலிருந்து அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை.

ஆன்மா என்று ஒன்று உண்டா இல்லையா என்று போன ஆண்டு முழுவதும் மாடிப்படியில் நின்று மல்லுக்கட்டியவர்கள் இவ்விருவரும். உலகைப் படைத்தவன் ஒருவன் இருக்கிறான் என்பதில் உடன்பாடு இல்லை. மறுபிறவியில் இல்லை. பாவத்தில் இல்லை. என் மனைவி சாகலாம் என்பதில் மட்டும் பூரணக் கருத்தொற்றுமை.

மார்ச் 9, ஞாயிறு

நாள் முடிவில் தன்னைத் தானே விசாரிக்கச் சொன்னவர்கள் என் ஆசான்களான ஸ்டோயிக்குகள். இந்தக் குறிப்பேடே அந்தப் பழக்கத்தின் மிச்சம்தான். இன்று விசாரிக்கப்பட வேண்டியவர்கள் அவர்கள்.

என் நூல் சொல்வது இதுதான்: கிறித்தவம், கிழக்கின் சமயங்கள், ஸ்டோயிக் தத்துவம் மூன்றும் வெவ்வேறு வாசல் வழியே நுழைந்து ஒரே அறையில் வந்து அமர்கின்றன, அந்த அறையின் பெயர் ஏற்பு. அதன் சுவரை நான் எழுப்பினேன், நானே இடிப்பேன்.

முதல் கடப்பாரை. கிறித்தவன் ஏற்கிறான், ஏனெனில் கொடுப்பவர் தந்தை. பௌத்தன் ஏற்கிறான், ஏனெனில் ஏற்பதற்கு 'நான்' என ஒருவன் இல்லை. வேதாந்தி ஏற்கிறான், ஏனெனில் அந்த 'நான்' ஒருபோதும் சாவதில்லை. ஸ்டோயிக் ஏற்கிறான், ஏனெனில் பிரபஞ்சம் அறிவால் ஆளப்படுகிறது. ஒருவர் காரணம் மற்றவருக்கு அபத்தம். நான்கு மருத்துவர்கள் நான்கு வெவ்வேறு நோய்களைச் சொல்லி ஒரே மாத்திரையை எழுதிக்கொடுத்தால், அறிவுள்ளவன் மாத்திரையைச் சந்தேகிப்பான். நான் அதைக் கொண்டாடினேன். முனைவர் பட்டம் தந்தார்கள்.

மார்ச் 11, செவ்வாய்

மைத்துனரை வாசலிலேயே மறித்தேன். "உங்கள் ஆண்டவர் ஒலிவத் தோட்டத்தில் என்ன செய்தார்? ஏற்றாரா? குப்புற விழுந்து, இந்தக் கிண்ணத்தை எடுத்துவிடும் என்று கெஞ்சினார். வியர்வை இரத்தமாய்ச் சொட்டியதாம். அவருக்கே இல்லாத அருள் உங்கள் அக்காவுக்கு எங்கிருந்து வந்தது?"

"அப்புறம் என்ன சொன்னாருன்னும் படிங்க அத்தான்."

"படித்திருக்கிறேன். உம் விருப்பப்படியே ஆகட்டும் என்றார்."

அவர் குடையை மடக்கியபடியே, ரொம்பத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "அக்கா கெஞ்சி முடிச்சாச்சு அத்தான். போன வருஷம் முடியெல்லாம் கொட்டி, வாயெல்லாம் புண்ணாகி ஒரு வைத்தியம் நடந்துச்சே. அதுதான் அவங்க தோட்டம்."

மழையில் நனைந்த அங்கியோடு அவர் ஒழுகும் கூடாரம் போல் இருப்பதாகச் சொன்னேன். "கூடாரத்துக்குள்ள விடுங்க அத்தான், அக்காவுக்குக் கஞ்சி கொண்டாந்திருக்கேன்" என்று என்னைத் தாண்டிப் போய்விட்டார்.

மார்ச் 13, வியாழன்

இன்று மூச்சம்மா. மாடிப்படியில் பிடித்தேன். "புத்தர் எலும்பும் தோலுமாகப் பட்டினி கிடந்து பார்த்தார். அது வழியல்ல என்று கண்டு உணவை வாங்கிச் சாப்பிட்டார். உடம்பைக் காப்பது பற்று என்றால் அவருக்கு அது தெரியாதா? என் ஆட்களும் அதையேதான் சொல்கிறார்கள். நலம் கைக்கு எட்டினால் எடுத்துக்கொள், எட்டாதபோது புலம்பாதே. முதல் பாதியை ஏன் எல்லோரும் மறந்துவிடுகிறீர்கள்?"

படியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். பிறகு சொன்னார்: "சரிதான் சார். ஆனா அவரு தன் வயித்துக்குச் சாப்பிட்டாரு. உங்க வயித்துக்கு இல்ல."

பெண்மணிக்கு நாக்கு இப்படி என்று தெரிந்திருந்தால் வேறு பெயர் வைத்திருப்பேன்.

மார்ச் 15, சனி

முன்னுரை அனுப்பினேன். நூலின் மைய வாதம் தவறு என்று பன்னிரண்டு பத்திகளில் நிறுவியிருக்கிறேன். பதிப்பாளர் மாலையில் அழைத்தார். "சார், முன்னுரையிலேயே புத்தகத்தப் போட்டு அடிச்சா உள்ள யாரு சார் வருவாங்க?"

வரவேண்டாம் என்றுதான் அடித்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

வாதத்தால் ஆகாததைத் தொலைபேசியால் செய்தேன். மருத்துவரை அழைத்து, என் மனைவி சம்மதித்துவிட்டாள் என்றேன். என் குரல் தடுமாறவில்லை. புதன்கிழமை காலை சேரலாம் என்றார்.

இது பொய். பொய் என்று தெரிந்தே எழுதுகிறேன். படுக்கை தயார் என்று கண்ணால் கண்டால் அவள் மனம் மாறும். மாறாவிட்டால், அப்போது பார்த்துக்கொள்ளலாம். மூன்று மரபுகளும் பொய்யைக் கண்டிக்கின்றன. கண்டிக்கட்டும். அவற்றின் சான்றிதழ் எனக்கு இனித் தேவையில்லை.

மார்ச் 18, செவ்வாய்

மருத்துவமனையிலிருந்து அவளுடைய தொலைபேசிக்கே அழைத்திருக்கிறார்கள். நாளை எத்தனை மணிக்கு வருகிறீர்கள் என்று.

நான் கல்லூரி நூலகத்திலிருந்து திரும்பும்வரை காத்திருந்தாள். தலையணையில் சாய்ந்து, வேதியியல் ஆசிரியையாக இருந்தபோது சோதனைக்குழாயை உடைத்த மாணவனைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"என் உடம்புக்கு நீங்க எப்போலேர்ந்து முன்னுரை எழுத ஆரம்பிச்சீங்க?"

நான் ஏதோ தொடங்கினேன். உயிர் என்றேன், வாய்ப்பு என்றேன், பகுத்தறிவு என்றேன்.

"போதும். ஊருக்குத்தானே உபதேசம்? தெரியும். நான் அதுக்குக் கோவிக்கல." மூச்சு வாங்கியது அவளுக்கு. "இந்த ரெண்டு வாரமா எங்க இருந்தீங்க? வாந்தி எடுத்தா தம்பி வர்றான். குளிக்கணும்னா மாடியிலேர்ந்து அவங்க இறங்கி வர்றாங்க. நீங்க நூலகத்துல எனக்காகச் சண்டை போட்டுக்கிட்டு இருக்கீங்க. யார்கிட்ட? செத்துப்போனவங்ககிட்ட. நானும் செத்த பிறகுதான் எங்கிட்டப் பேச வருவீங்களா?"

அப்படி இல்ல. அப்படி இல்லவே இல்ல. நான் உன்ன விட்டுட்டா போனேன்? உனக்காகத்தானே — எதுக்கு இப்படிப் பேசற? என்னால அந்த ரூமுக்குள்ள நிக்க முடியல, அந்த வாசனை, அந்த வாந்தி பேசின், நீ சின்னதாயிட்டே போறது. எப்படி நிக்கறது? யாராவது சொல்லிக் குடுத்தாங்களா?

இதை அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

மார்ச் 19, புதன்

அவளே மருத்துவரை அழைத்துப் பேசினாள். படுக்கை வேறொருவருக்குப் போயிற்று.

மார்ச் 22, சனி

மறுபடியும் நூலகம். வெட்கமில்லாமல். என் ஆசான்களிடம் எனக்கு ஒரு வக்கீல் கிடைப்பான் என்ற நம்பிக்கை. அன்பின் மிகுதியால் தவறியவனை மன்னிக்கும் ஒரே ஒரு வரி.

கிடைத்தது வேறு. அடிமையாக இருந்து ஆசானானவரிடம் ஓர் அதிகாரி வருகிறான். மகள் நோயாய்க் கிடந்தபோது பார்க்கப் பொறுக்காமல் வீட்டைவிட்டு ஓடிப்போனேன், அவள் தேறிவிட்டாள் என்று செய்தி வந்த பிறகே திரும்பினேன், அவ்வளவு பாசம் என்கிறான். ஆசான் கோபிக்கவில்லை, கேள்விதான் கேட்கிறார். அவள் தாய்க்கும் பாசம் உண்டல்லவா, தாயும் ஓடியிருக்க வேண்டுமா? செவிலியும்? நீ நோயுற்றால், உன்மேல் அன்புள்ள எல்லோரும் உன்னைத் தனியே விட்டு ஓடும் அளவுக்கு அன்பு கொள்ள வேண்டும் என்று வேண்டுவாயா?

மாணவனாக இருந்தபோதே படித்த பகுதி. ஓரத்தில் என் கையெழுத்திலேயே குறிப்பு: 'இல்லறம் பற்றியது, நம் வாதத்துக்குத் தேவையில்லை.'

உட்கார்ந்தபடியே மற்றவையும் நினைவுக்கு வந்தன, ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு. நோயுற்றிருந்தேன், என்னைப் பார்க்க வந்தீர்கள் என்று கடைசித் தீர்ப்பில் சொல்லப்போகிற ஏசு. தன் மலத்திலேயே கவனிப்பாரற்றுக் கிடந்த துறவியைத் தன் கையாலேயே கழுவிக் கட்டிலில் கிடத்தி, எனக்குப் பணிவிடை செய்ய விரும்புகிறவன் நோயாளிக்குச் செய்யட்டும் என்று சீடர்களைக் கடிந்த புத்தர். ஏறக்குறைய ஒரே வாக்கியம். இருவரும் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள்.

கால் நூற்றாண்டாகப் பொது நிலம் தேடினேன். கடவுளில் தேடினேன், விதியில், ஆன்மாவில் தேடினேன். நோயாளிக்குச் செய்யும் பணிவிடை மூன்றிலும் வெட்டவெளியில் கிடந்தது. நான் எடுக்கவில்லை. இது தத்துவமாகத் தெரியவில்லை எனக்கு. வீட்டு வேலையாகத் தெரிந்தது.

ஆக, மூவரும் மறுபடியும் ஒன்றுசேர்ந்துவிட்டார்கள். இம்முறையும் எனக்கு எதிராகவே. அவர்களை இதற்கு முன் இவ்வளவு வெறுத்ததில்லை. புத்தகத்தை மூடிவிட்டு, பேருந்துக்குக் காத்திருக்காமல் நடந்தே வீட்டுக்குப் போனேன்.

மார்ச் 24, திங்கள்

கல்லூரியில் நீண்ட விடுப்பு சொன்னேன். பதிப்பாளரிடம் புத்தகமே வேண்டாம் என்றேன். "சரி சார், அப்போ பழைய முன்னுரையோடவே போட்டுடறேன்" என்றார். காது கேளாமை அவருக்குத் தொழில் திறமை.

மார்ச் 27, வியாழன்

அவள் வாந்தியெடுத்த பேசினைக் கழுவினேன். இரண்டு முறை எனக்கே குமட்டியது. அவள் கண்ணை மூடிக்கொண்டு, "ஸ்டோயிக்குக்கு வயிறு உண்டா?" என்றாள். வாயை மூடு என்றேன். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு அவளை அப்படிச் சொல்கிறேன். சிரித்தாள்.

அவள் முடிவை நான் ஏற்கவில்லை என்றும் சொன்னேன். "ஏற்க வேணாம். அந்த ஜன்னலைச் சாத்துங்க" என்றாள்.

ஏப்ரல் 2, புதன்

மைத்துனருடன் சண்டை. தலையணை உயரம் பற்றி. அவர் சொன்னதுதான் சரி. இதை அவரிடம் சொல்லும் உத்தேசம் இல்லை.

ஏப்ரல் 10, வியாழன்

இப்போது அவளால் தானாகப் புரள முடிவதில்லை. முதுகில் புண் வராமல் இருக்க, அடியில் விரித்த துப்பட்டியோடு சேர்த்துத் தூக்கி ஒரு பக்கமாகத் திருப்ப வேண்டும். தோள் பக்கம் மைத்துனர், கால் பக்கம் மூச்சம்மா, இடுப்பருகே நான். ஒருவர் முந்தினாலும் அவளுக்கு வலிக்கும்.

முதல் நாள் மூவரும் மூன்று விதம். பாதிரியார் உதட்டில் செபத்தை முடித்துவிட்டுத்தான் துணியைத் தொடுவார். மூச்சம்மா உள்மூச்சுக்குக் காத்திருப்பார். நான், எப்படித் தூக்க வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருப்பேன். "அத்தான், வகுப்பு முடிஞ்சுதா?" "சாமி, நீங்க ஆமென் சொல்லுங்க முதல்ல." "சார், மெதுவா, மெதுவா." கடைசியில் அவள்தான், "எல்லாரும் வாயை மூடுங்க, நான் எண்ணுறேன்" என்றாள். அன்றிலிருந்து அவள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவாள், மூன்றுக்குத் தூக்குவோம்.

இன்று காலை இரண்டுவரைதான் அவளுக்குக் குரல் வந்தது.

மூன்று என்று யாரும் சொல்லவில்லை. மூவரும் ஒரே நேரத்தில் தூக்கினோம்.