இல்லாத படகில் போன கூட்டம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய் என்று நானே முடிவு செய்துகொண்டேன், ஏனென்றால் போன் செய்தால் "மீட்டிங்ல இருக்கேம்மா" என்பதைத் தவிர நீ வேறு தகவல் தருவதில்லை. கடிதமென்றால் மீட்டிங்கிலும் மேஜைக்கடியில் வைத்துப் படிக்கலாம்.

ஆற்றில் கார் ஏற்றிப் போகும் ஃபெரி வரப்போகிறது என்றேனே, அதனால் ஊருக்கும் ஆற்றுக்கும் என்ன பாதிப்பு என்று ஆராய மூன்று பேர் வந்தார்கள். ஒரு வாரம் முழுக்க அப்பாவின் படகில்தான் அக்கரைக்குப் போய்வந்தார்கள், பாலம் வழியாகச் சுற்றிப் போனால் ஒன்றரை மணி நேரமாகுமே. பறவைகள் மிரளக் கூடாதென்று அப்பா இன்ஜினை அணைத்துத் துடுப்புப் போட்டாராம். இவர்கள் குளித்துச் சாப்பிட்டு உச்சிவெயிலில் போய் எண்ணியதில் பதினொரு பறவைகள் தேறின. விடியற்காலையில் வந்த நூற்றுக்கணக்கான பறவைகள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடாமல் போனது அவற்றின் குற்றம்தானே. வீடு வீடாக ஒரு படிவமும் வந்தது. ஃபெரி வந்தால் மகிழ்ச்சியா, மிக்க மகிழ்ச்சியா என்று இரண்டே கட்டம். பக்கத்து வீட்டு மீன்காரக்கா, ஃபெரி போய்ப் பெரிய அலை அடித்தால் கரையோரச் சேறு கரைந்துவிடும், அதில் வளரும் மீன்குஞ்செல்லாம் எங்கே போகும் என்று கேட்டு, "வருத்தம்னு எழுதிக்க தம்பி" என்றாளாம். அதற்குக் கட்டம் இல்லையென்று அவளை மகிழ்ச்சியில் சேர்த்துக்கொண்டு போனார்கள்.

அறிக்கை எங்கள் நகராட்சி அலுவலகத்துக்கு வந்தது, எழுத்துப் பிழை பார்க்கும் வேலை எனக்கு. நூற்று நாற்பதாம் பக்கத்தில், தற்போது இங்கே படகுப் போக்குவரத்து ஏதுமில்லை, எனவே பிழைப்பு இழப்போர் எவருமில்லை என்றிருந்தது. எதிர்ப்பக்கத்தில் குழுவினர் நடு ஆற்றில் சிரிக்கும் புகைப்படம், அதன் ஓரத்தில் அப்பாவின் முழங்கை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன், முழுப் படகை அறிக்கையில் மறைத்ததை இப்போதுதான் பார்க்கிறேன். சூப்பிரண்டிடம் காட்டினேன். "நீங்க எழுத்தைப் பாருங்கம்மா, விஷயத்தைப் பாக்க மேல ஆள் இருக்காங்க" என்றார். பிழைப்பு இழப்போர் பட்டியலில் பெயர் இருந்தால்தான் ஃபெரியில் வேலை தருவார்களாம். இல்லையென்றால், ஃபெரிக்காகப் படகுத்துறையை இடிக்கும் நாளில் அப்பா கரையில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று அப்பா சட்டையைத் தேய்த்து வைத்திருந்தார். ஏசி மண்டபம் அக்கரையில் இருப்பதால் கூட்டத்தை அங்கே வைத்துவிட்டார்கள். ஊர் எப்படிப் போகும்? அப்பாவின் படகில்தான், தடவைக்குப் பன்னிரண்டு பேராக. மேடை ஓரத்தில் உட்கார்ந்து நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். "பிழைப்பு பாதிக்கப்படுறவங்க யாராவது இருக்கீங்களா?" என்று மைக்கில் இரண்டு முறை கேட்டார்கள். அப்பாவே வந்து சொல்லிக்கொள்வார் என்று ஊர் சும்மா இருந்தது. எட்டாவது நடையோடு அவர் நடு ஆற்றில் வருவது ஜன்னல் வழியாக எனக்குத் தெரிந்தது. ஊழியர்கள் கூட்டத்தில் பேசக் கூடாதென்ற விதி அப்போது பார்த்து நினைவுக்கு வந்தது. அதுவாக வந்ததா, நான் வரவழைத்துக்கொண்டேனா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும், "நான் வர முடியல, நீ இருந்தியே, சொல்லிட்டேல்ல?" என்று கேட்டார். நான் "ம்" என்றேன். அவர் நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தார்.

கூட்டக் குறிப்பில் "எவரும் முன்வரவில்லை" என்று டைப் அடித்து என் கையெழுத்துக்கு வைத்திருக்கிறார்கள். கீழே நான் ஒரு வரி சேர்த்தேன்: படகோட்டி அந்நேரம் கூட்டத்துக்கு ஆட்களை ஏற்றி வந்துகொண்டிருந்தார். சூப்பிரண்டு அதைக் கோடு போட்டு அடித்தார். மறுபடி எழுதினேன். திங்கட்கிழமை கமிஷனர் அறைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். மாற்றல் போட்டால் போடட்டும். நீ அப்பாவிடம் எதையும் உளறிவிடாதே. திங்கட்கிழமைக்குப் பிறகு அந்த "ம்" பொய்யாக இருக்காது.

நோய்நொடியில்லாமல், நிமிர்ந்து நல்லபடியாக இரு, கண்ணே. கண் டாக்டரைப் பார்க்கச் சொன்னேனே, இந்த வாரமாவது போ.

இன்னும் கையெழுத்துப் போடாத,
உன் அம்மா