எட்டு மணிப் பெரட்டு

3.3 திங்கள்
விடியலிலிருந்து மழை. கேன்டீனில் கூட்டமில்லை, ஒரு மணிக்கே வீடு. இன்று சிவப்பு வேலை செய்தது.

நான் செய்யும் ஆப்பின் பெயர் பெரட்டு. ரப்பர் தோட்டத்தில் விடிகாலை எல்லாரையும் வரிசையில் நிற்க வைத்துக் கங்காணி பேர் கூப்பிடுவாரே, அதுதான். காலை ஆறிலிருந்து எட்டுக்குள் பட்டனை அமுக்கினால் பச்சை. அமுக்காவிட்டால் சிவப்பு, பக்கத்து வீட்டுப் போனில் மணி.

தோட்டத்தில் தனியாக இருந்த என் அக்கா செசிலிக்கு இது இருந்திருந்தால் அன்றைக்கே கதவைத் தட்டியிருப்பார்கள். மூன்றாம் நாள்தான் தட்டினார்கள், செத்துக் கிடந்தாள். நான் இங்கே ஈப்போ டவுனில். என் அச்சு முறுக்கு அச்சை அவள் திருப்பித் தரவில்லை என்று கோபம். அவளே முதலில் கூப்பிடட்டும் என்று இருந்தேன்.

5.3 புதன்
ஆறாம் வகுப்புவரைதான் படிப்பு. போனில் இருக்கும் ஏஐயிடம் தமிழில் சொல்கிறேன், அது ஆப்பை எழுதிக் கொடுக்கிறது. தப்பு வந்தால் திரும்பச் சொல்கிறேன். யாருக்காக இந்த ஆப் என்று கேட்டது. கோபத்தில் பேசாமல் இருக்கிறவர்களுக்கு என்றேன். அருமையான யோசனை என்றது. அதற்கு எல்லாமே அருமைதான்.

செய்ய:
எழுத்து பெரிசாக
மணிச் சத்தம் கூட்ட
பட்டனில் 'சமர்ப்பி' வேண்டாம், 'வந்துட்டேன்'
அரிசி, சோப்பு

8.3 சனி
பஸ்ஸில் தோட்டம். வெயில். பதினொரு போனில் ஏற்றினேன், எல்லாரும் தனியாக இருக்கிறவர்கள். ஒரு வாரம் இவர்களோடு பார்ப்பது. சரியென்றால் 17ஆம் தேதி எல்லாருக்கும் திறப்பது.

முனியாண்டி அண்ணன், நாற்பது வருஷம் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்தவர்: "சம்பளம் இல்லாத பெரட்டா இது?"

அவர் பக்கத்து வீட்டு சரோஜா அக்கா: "மேரி கங்காணி ஆயிட்டா. தொப்பி ஒண்ணுதான் குறைச்சல்."

செசிலி வீட்டுப் பக்கம் போகவில்லை. அச்சு உள்ளேதான் இருக்கும்.

12.3 புதன்
நாலு நாளாகப் பதினொன்றும் பச்சை. இன்று காலையும். பத்து மணிக்கு சரோஜா அக்கா கேன்டீனில் வந்து நிற்கிறார். நேற்றே ஈப்போ வந்தாராம், மகள் வீட்டுக்கு.

கையில் போன் இல்லை. எங்கே என்றேன்.

"முனியாண்டி அண்ணே வீட்ல. எல்லார் போனும் அங்கதான். அவர் வீட்லதான்லா லைன் கிடைக்குது."

அண்ணனைக் கூப்பிட்டேன்.

"ஆமா, நான்தான் எல்லாருக்கும் அமுக்குறேன். பெரட்டுக்கு வராதவனுக்குப் பக்கத்துல நிக்கிறவன் 'வந்தாச்சு'ன்னு குரல் குடுக்கிறதில்லையா? பேரை வெட்டிட்டா பாவம்லா."

பதினொரு பேரும் செத்துக் கிடந்தாலும் பச்சைதான் காட்டியிருக்கும். கத்திவிட்டேன். உங்களால் ஒரு உயிர் போனால் என்ன செய்வீர்கள் என்று. பிறகு,

"செசிலி இருந்திருந்தா அவளுக்கும் அமுக்கியிருப்பேன்."

வைத்துவிட்டார். பரிமாறும்போது சாம்பாரைக் கீழே கொட்டினேன்.

14.3 வெள்ளி
மாதா கோயில் சிலுவைப்பாதைக்குப் போகவில்லை. பட்டனை எடுத்தாயிற்று. இனி அவரவர் குரலில் பேசி அனுப்ப வேண்டும். அது பக்கத்து வீட்டுக்கும் எனக்கும் கேட்கும். போன்கள் அவரவர் வீட்டுக்குத் திரும்பின. ஜன்னலோரம் வைத்தால் லைன் வருகிறது. அண்ணன் போனிலும் புதுசு ஏற்றியாச்சு என்றார் சரோஜா அக்கா.

"தெனம் என்னத்தப் பேசுறது மேரி?"
"என்ன சமையல்னு சொல்லுங்க."
"உன் மேல கோவமா இருந்தா?"
"இருமுங்க. போதும்."

அண்ணனுக்கு மூன்று முறை போன் அடித்தேன். எடுக்கவில்லை.

17.3 திங்கள்
மழை இல்லை. கேன்டீனுக்கு லீவு சொன்னேன். எட்டு மணிக்கு எல்லாருக்கும் ஆப்பின் லிங்க் அனுப்ப வேண்டும்.

6.10 சரோஜா அக்கா. கருவாட்டுக் குழம்பு.
6.40 ஐந்து பேர். ரசம், ரசம், "நேத்து வெச்சதே கெடக்கு."
7.30 பத்து.
7.50 பத்துதான். முனியாண்டி அண்ணன் வரவில்லை.
8.00 சிவப்பு. சரோஜா அக்காவுக்கு மணி போயிருக்கும். கூப்பிட்டேன், எடுக்கவில்லை. திரும்ப. திரும்ப. லிங்க் அனுப்பவில்லை.
8.09 சரோஜா அக்கா கூப்பிட்டார். "உக்காந்து கோப்பி குடிக்கிறாரு. நீ திட்டினியாம்ல. உன்கூடப் பேசமாட்டாராம்."
8.14 அண்ணன் பெயரில் ஒரு குரல்.

இருமல். வேறொன்றும் இல்லை.

சிவப்பு பச்சையானது. இன்னொரு தரம் கேட்டேன். லிங்க்கை அனுப்பிவிட்டேன்.