அட்டையின் ஒன்பதாவது வரி

1963 பிப்ரவரி 4, திங்கள். திண்டிவனம்.

இன்று என்ஜின் ஏழேகால் மணிக்குத்தான் பிடித்தது. மூன்று தடவை சுற்றியும் பிடிக்காமல் நாலாவது தடவைக்குப் பிடித்தது. என் வீட்டுக்காரர் டிரைவராக இருந்தபோது இரண்டாவது சுற்றுக்கு மேல் போனதில்லை.

சத்தம் கேட்கும் வரை நான் கடலை மில் கொட்டகைக்குப் பின்னால் மல்லாட்டைத் தோல் குவியல் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். காலையில் சூடம் காட்டி என்ஜினை எடுக்கும்போது தாலி இல்லாதவள் எதிரே வரக்கூடாது. யாரும் என்னிடம் சொல்லவில்லை. ஐப்பசியில் அவர் போனதிலிருந்து நானாகவே ஒதுங்கிக்கொள்கிறேன்.

இந்த டைரி முதலாளி வருசா வருசம் அவருக்குக் கொடுப்பது. இந்த வருசமும் பழக்கத்தில் கொடுத்துவிட்டார்.

பிப்ரவரி 11

முதலாளி சுப்பராயலு கூப்பிட்டார். மில்லைச் சோதிக்க வந்த ஆபீசர் என்ஜின் ரூமில் ஒரு அட்டை தொங்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாராம். எப்படி எடுப்பது, எப்படி நிறுத்துவது, எல்லாம் தமிழில், காலன், பவுண்டு இல்லாமல் லிட்டர், கிலோவில் இருக்கவேண்டுமாம்.

"தேவநாதன் ஒரு நோட்டு வெச்சிருந்தானே. அவன் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். உன்ன விட்டா யாரும்மா படிக்கறது?"

அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனால் அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும். செய்கிறேன் என்றேன்.

பிப்ரவரி 13

நோட்டைத் திறந்தேன். டீசல் வாசனை. மூடிவிட்டேன்.

பிப்ரவரி 20

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் புது என்ஜின் டிரைவர் சவுரிராயன் நோட்டைப் பார்க்க வந்தான். இரண்டு வருசம் அவருக்குக் கீழே ஆயில் போட்டுக்கொண்டிருந்தவன்தான்.

என்ஜினுக்கு அவர் தன் இஷ்டத்துக்குப் பேர் வைத்திருக்கிறார். பெரிய சக்கரத்துக்குப் பெரியவர். என்ஜின் சூட்டை ஆற்றும் தண்ணீர் டாங்குக்குத் தாய்ப்பானை. தலைமேல் இருக்கும் சின்ன நெம்புகோல் காது. "காதைத் தூக்கினால் மூச்சு விடும், அப்போது சுற்று" என்று எழுதியிருக்கிறார். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு வேறு. "மார்கழியில் அதற்கும் குளிரும், அவசரப்படாதே." என்னிடம் ஒரு நாளும் இப்படிப் பேசியதில்லை. மிஷினிடம் பேசியிருக்கிறார்.

"இதெல்லாம் மாத்தணும்க்கா," என்றான் சவுரி. "வெளியாள் வந்து பெரியவரைச் சுத்துன்னு படிச்சா முதலாளியைப் புடிச்சிச் சுத்தப் போறான்."

சிரித்துவிட்டேன். அப்புறம் வீட்டுக்கு வந்து சிரித்ததற்காக அழுதேன்.

மார்ச் 2

பெரியவர் ஃபிளைவீல் ஆனார். தாய்ப்பானை டாங்க். காது லீவர். ஒரு காலன் நாலரை லிட்டர் என்று சவுரி கணக்குச் சொன்னான். ஒவ்வொரு பேராக அடிக்கும்போதும் அவர் பல்லைப் பிடுங்குகிற மாதிரி இருக்கிறது.

மார்ச் 6

ஒன்பதாவது வரி. "டாங்கிலிருந்து வரும் குழாயில் பிடி குறுக்கே இருந்தால் தண்ணீர் ஓடுகிறது. நேராக இருந்தால் நின்றிருக்கிறது."

சவுரி சொன்னான்: "அக்கா, இது இப்ப இல்ல. பழைய குழாயில பிடி ஒடஞ்சி, அண்ணன் பட்டறையில ஒண்ணு அடிச்சாந்து மாட்னாரு. அது குறுக்கால உக்காந்துச்சி. தை மாசம் புதுக் குழாய் வந்துட்சி. இப்ப நேரா இருந்தாத்தான் தண்ணி ஓடும், குறுக்க இருந்தா மூடிக்கும். தலகீழா எழுதிடு."

எனக்கு என்ன வந்ததோ. பேர்கள் போயின, அளவுகள் போயின. அவர் சொன்னது என்று மிச்சம் இருப்பது என்ன? "அவர் தப்பா எழுத மாட்டாரு தம்பி," என்றேன்.

"தப்புன்னு யாரு சொன்னா? குழாய்தான் மாறிப்போச்சி. நீ வேணா வந்து பாரேன்."

நான் எப்படி என்ஜின் ரூமுக்குள் போவது? போகவில்லை. அவனும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி வுடு. எனக்குத்தான் தெரியுமே, நான் பாத்துக்கறேன்," என்று போய்விட்டான்.

அந்த வரியை அப்படியே எழுதினேன். நல்ல எழுத்தாக எழுதினேன்.

மார்ச் 11

அட்டையை மாட்டிவிட்டார்கள். பதினேழு வரி. நாங்கள் மல்லாட்டைப் பருப்பு பொறுக்குகிற இடத்தில் பக்கத்தில் உட்காரும் குப்பம்மாள், "இன்னாடி வீரம்மா, இனிமே நீ தரையில குந்துவியா, நாற்காலி போடணுமா?" என்றாள். தரையில்தான் உட்கார்ந்தேன். கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அதைச் சொல்ல வீட்டில் யாருமில்லை.

மார்ச் 30

மழை இல்லை. ஒருத்தருக்குச் சோறு வடிக்க இன்னும் அளவு பிடிபடவில்லை.

ஏப்ரல் 22, திங்கள்

சவுரி தங்கை கல்யாணத்துக்கு முகையூர் போயிருக்கிறான். ஒரு வாரம். பதிலுக்குப் பச்சைமுத்து என்று ஒருவர். கிணற்று பம்ப்செட் ஓட்டினவராம். அட்டையின் முன் நின்று விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்ததாகக் குப்பம்மாள் சொல்லிச் சிரித்தாள்.

(24ஆம் தேதி ராத்திரி சேர்த்தது.) அப்போதே ஓடிப்போய் ஒன்பதாவது வரியைப் பற்றிச் சொல்லியிருக்கவேண்டும். எனக்குத் தோன்றவே இல்லை. சத்தியமாகத் தோன்றவில்லை.

ஏப்ரல் 24, புதன்

பத்து மணிக்கு என்ஜின் சத்தம் மாறியது. கரகரவென்று. எழுந்திருப்பதற்குள் தீய்ந்த வாசனை. அப்புறம் கத்தல்.

இரண்டு நாள் சவுரி விட்டுப்போனபடியே இருந்த குழாயை, இன்று காலை அட்டையைப் பார்த்துக் குறுக்கே திருப்பிவிட்டு எடுத்திருக்கிறார். தண்ணீர் ஓடாமலே மூன்று மணி நேரம் என்ஜின் ஓடியிருக்கிறது. சூட்டைப் பார்த்துவிட்டு பச்சைமுத்து குழாயைத் திருப்பியிருக்கிறார். காய்ந்த இரும்பில் தண்ணீர் பட்டு, ஆவி இணைப்பைப் பிய்த்துக்கொண்டு வந்து கையில் அடித்துவிட்டது. தோள் முதல் விரல் வரை. வாழை இலையில் சுற்றி வண்டியில் ஏற்றினார்கள்.

ஒன்பதாவது வரி.

ஏப்ரல் 25

என்ஜினின் தலை விரிசல் விட்டுவிட்டது. மில் மூடியிருக்கிறது. நாற்பது பெண்களுக்கு வேலை இல்லை.

ஏப்ரல் 27

முதலாளி பச்சைமுத்துவை இனி வராதே என்று சொல்லி அனுப்பிவிட்டார். "எழுதி மாட்டியிருக்கறத படிக்கத் தெரியாதவனையெல்லாம் வெச்சிக்கினு பேஜாரு," என்று எல்லார் காதிலும் விழச் சொன்னார். யாரும் அட்டையைப் பார்க்கவில்லை. பார்த்தாலும் எதைப் பார்ப்பார்கள்?

நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை? சொன்னால் அவர் பேர் கெட்டுவிடும் என்று. பொய். என் பேர்.

ஏப்ரல் 29

பச்சைமுத்து வீட்டைத் தேடிப் போனேன். கையில் கட்டு, மருந்து வாடை. அவர் பெண்சாதி பொன்னி எனக்கு மோர் கொடுத்தாள். அட்டை எழுதினவள் என்று தெரிந்தும் கொடுத்தாள்.

அவர் சொன்னது: "எனக்கு எழுத்துக் கூட்டித்தான்க்கா வரும். குறுக்கன்னா ஓடும்னு போட்டிருந்த மாதிரி இருந்துச்சி. நான்தான் மாத்திப் படிச்சிட்டேன் போலக்குது. நல்லாப் படிச்சவங்க எழுதினது, அது எப்படித் தப்பாவும்?"

நல்லாப் படிச்சவங்க. மோரைக் கீழே வைத்தேன். சொல்லத்தான் போனேன். சொல்லாமல் வந்தேன்.

ஏப்ரல் 30

நீங்கள் இருந்திருந்தால் குழாய் மாறின அன்றைக்கே அடித்து எழுதியிருப்பீர்கள். உங்கள் நோட்டில் எத்தனை அடித்தல். நான்தான் உங்களைக் கல்லாக்கிவிட்டேன்.

மே 1, புதன்

முதலாளியிடம் போனேன். "பச்சைமுத்து சரியாத்தான் படிச்சாருங்க. நான்தான் தப்பா எழுதினேன். மாத்தணும்னு சவுரி சொல்லியும் மாத்தலீங்க."

முதலாளி கணக்குப் புத்தகத்தை மூடினார். "நீ சொல்லாம இருந்தா எவனுக்கும்மா தெரியப் போவுது," என்றார். பிறகு, "ஏன் மாத்தல?"

"அவர் எழுதினதுங்க."

முதலாளி என்னைப் பார்க்காமல் சொன்னார்: "பச்சைமுத்துக்கு ஆள் அனுப்பி நீ சொன்னதச் சொல்றேன். விழுப்புரத்துல மச்சான் மில்லுல டிரைவர் இல்ல. கை ஆறினதும் அங்க போவட்டும். நீ இனிமே அந்த அட்டையைத் தொடாத."

சரி என்றேன். அது நியாயம்.

மே 3

என்ஜின் தலை புதிதாக வந்திருக்கிறது. ஊரிலிருந்து திரும்பிய சவுரி என்னோடு பேசுவதில்லை. அட்டையில் அந்த வரியை அவனே கரியால் அடித்து, கீழே திருத்தி எழுதியிருக்கிறானாம்.

மே 20

குப்பம்மாள் இப்போது என் பக்கத்தில் உட்காருவதில்லை. ஒன்பது நாள் கூலி போனது அவளுக்கு.

ஜூன் 9

இன்று யாரோடும் பேசவில்லை. பால்காரரோடு ஒரு வார்த்தை.

ஜூன் 14

முதலாளி கூப்பிட்டார். விழுப்புரம் மில்லுக்கும் அட்டை எழுதவேண்டுமாம். அங்கே எழுத ஆள் இருக்கிறது. ஆனால் பச்சைமுத்து, அந்த அக்கா எழுதினால்தான் எனக்குப் படிக்க வரும் என்று சொல்லிவிட்டாராம்.

"அவனுக்கு அறிவே இல்ல," என்றார் முதலாளி. "போய்ட்டு வா."

ஜூன் 17, திங்கள். விழுப்புரம்.

காலை ரயிலில் வந்தேன். என்ஜின் ரூம் வாசலில் நின்றுவிட்டேன். சூடம் ஏற்றிக்கொண்டிருந்த பச்சைமுத்து திரும்பிப் பார்த்தார். வலது கைத் தோல் சுருங்கிப் பளபளவென்று இருந்தது.

"உள்ள வாக்கா. அங்க நின்னா என்னாத்த எழுதுவ?"

"எடுக்கற நேரம் தம்பி…"

"எடுக்கும்போது பாத்தாத்தான தெரியும். ஜல்தி வா, சூடம் அணையப் போவுது."

உள்ளே போனேன். என்ஜின் இரண்டாவது சுற்றில் பிடித்தது.

ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டச் சொன்னேன். இதற்கு நீங்கள் என்ன பேர் சொல்வீர்கள் என்று கேட்டு, அந்தப் பேரையே எழுதினேன். தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடித் திறந்து காட்டச் சொல்லி, வெளியே விழும் தண்ணீரில் நானே கையை வைத்துப் பார்த்தேன். எழுதி முடித்ததும் அவரைப் படிக்கச் சொன்னேன். மெதுவாகப் படித்தார். ஒரு இடத்தில் நிறுத்தி, "இது இப்டி இல்லக்கா," என்றார். அடித்துவிட்டு வேறு எழுதினேன்.

பதினாலு வரி. ஒன்றில்கூட என் வீட்டுக்காரர் இல்லை.

திரும்பும் ரயிலில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது.