டிரையர் பெற்றெடுத்த காசு

அன்பு மகள் டோனாவுக்கு அம்மா எழுதுவது. முழங்காலைத் தவிர நான் நலம், வாயைத் தவிர உன் அப்பா நலம், அந்த அலாஸ்கா குளிரில் நீங்கள் மூவரும் கதகதப்பாக இருக்க வேண்டும். முதலில் நல்ல சேதி. உன் அண்ணன் மகள் கெல்சி நர்சுப் படிப்பில் தேறிவிட்டாள், தேறிய கையோடு என் ரத்த அழுத்தத்தைப் பார்த்து சீஸைக் குறைக்கச் சொன்னாள், சீஸுக்குப் பேர்போன விஸ்கான்சினில் பிறந்தவள் பேசுகிற பேச்சா இது. அவள் தம்பி பிரென்ட் உறைந்த ஏரியில் ஓட்டை போட்டுப் பெரிய மீன் பிடித்தான், பத்திரிகையில் படம் வந்தது, இருவரில் மீன்தான் சிரித்த முகம். உன் குட்டிப் பயல் ஓவன் நடக்கத் தொடங்கியதை நான் சபை முழுக்கச் சொல்லியாயிற்று, பாஸ்டர் மனைவி மட்டும் என்னைக் கண்டால் வேறு வழியாகப் போகிறாள்.

இனி உன் அப்பா கதை. காகித ஆலையை விட்டு ஓய்வு பெற்றதிலிருந்து நாணயச் சங்கமே அவருக்கு உலகம், காணிக்கைத் தட்டு வந்தால்கூடப் போடுமுன் கிளறிப் பார்க்கிறார். நாணயச்சாலையில் தப்பாக அடிபட்டு வந்த காசு ஒன்றாவது சிக்க வேண்டும், சங்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் தன் பெயரோடு இருக்க வேண்டும், அதுதான் ஆசை. பெட்டியின் நடுவில் இருப்பது சங்கத்துச் சிநேகிதர் ஆர்வில் கண்டெடுத்த ஒரு சென்ட் காசு, அதை அடித்த அச்சிலேயே எழுத்து இரட்டையாக இருந்ததாம். உன் அப்பாவும் அப்படி எத்தனையோ கொண்டுபோனார், இது அச்சுக் கோளாறு இல்ல மெர்ல், அடிக்கிறப்ப மிஷின் ஆடி எழுத்து நசுங்கினது, செலவு பண்ணிடு என்று ஆர்வில் தள்ளிவிடுவார்.

போன மாதம் துணி துவைக்கும் அறைத் தரையில் ஒரு கால் டாலர் கிடந்தது. மற்றதைவிடச் சின்னது, விளிம்பு தடித்து ஆப்பிள் பை பலகாரத்தின் ஓரம் போல உள்ளே சுருண்டிருந்தது. ஆர்வில் மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாருடி என்று உன் அப்பா குதித்தார். துணி உலர்த்தும் நம் டிரையர் வருடக்கணக்காக டக்கு டக்கென்று தட்டியது, பழுது பார்க்கச் சொன்னால் அது பாட்டுக்குப் பாடட்டும் விடு என்பார், காசு கிடைத்த அன்றுதான் அது ஊமையானது. சொல்ல வாயெடுத்தேன், நல்ல காரியத்துக்குப் போறப்ப குறுக்க பேசாதடி என்றார். சரி ராசா என்று சட்டைக்கு இஸ்திரி போட்டு அனுப்பினேன். ஆர்வில் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, ஏம்ப்பா மெர்ல், உங்க வீட்டு டிரையர் இப்ப சத்தமில்லாம ஓடுதா என்றாராம். உள்ளே இடுக்கில் சிக்கிய காசு உருண்டு உருண்டு இப்படி ஆகுமாம், நாணயச்சாலை வாசலைத் தாண்டிய பிறகு பட்டதெல்லாம் பிழையில்லை, வெறும் அடிதானாம். எல்லாரும் சிரித்த சிரிப்பில் உன் அப்பா தொப்பியைக்கூட எடுக்காமல் வந்துவிட்டார், இனி அந்தப் படியை மிதிக்க மாட்டேன் என்று சமையலறையில் உட்கார்ந்துவிட்டார். அந்தச் சங்கத்தை விட்டால் அவருக்கு வேறு சிநேகிதம் இல்லையே என்று எனக்குத் தூக்கம் போயிற்று. நான் உருளைக்கிழங்கு சீவுவதை அவர் நாளெல்லாம் திருத்திக்கொண்டிருந்தால் கத்தியும் கையுமாக நான் ஜெயிலுக்குப் போவேனே என்றும்தான்.

நேற்று ஆர்வில் தொப்பியோடு வந்தார். இவ்ளோ அழகா உருண்ட டிரையர் காசை நான் பாத்ததே இல்லப்பா, சங்கக் கண்காட்சியில பிழை மாதிரி ஏமாத்துற காசுங்க தட்டுல நடுவுல வைக்கணும், உம் பேரோட என்றார். விளக்கம் யார் சொல்றது என்று அப்பா சுவரைப் பார்த்துக் கேட்டார். உன் டிரையர், நீதான் சொல்லணும் என்றார் ஆர்வில். அவ்வளவுதான், இப்போது டிரையரைப் பிரித்துத் தலையை உள்ளே விட்டுக் கிடக்கிறார், வேண்டுமென்றே ஐந்து சென்ட் நிக்கல் காசு ஒன்றை வேறு போட்டிருக்கிறார். டக்கு டக்கு திரும்ப வந்துவிட்டது, கேட்க எனக்கு நிம்மதி, அவரிடம் சொல்லிவிடாதே.

மாப்பிள்ளை சட்டைப்பையைப் பார்த்துவிட்டுத் துவை. கர்த்தர் உங்களைக் காப்பாராக. ஒரு அவசரம். கண்காட்சி வரை அந்தக் காசை வைக்க உன் அப்பா அலமாரியில் இருக்கும் ஓவனின் படச்சட்டத்தைக் குறிவைக்கிறார், பயல்தான் நடக்குறானே, தொட்டில்ல கிடக்குற பழைய படம் எதுக்கு என்கிறார். அவன் நிற்கிற மாதிரி புதுப் படம் ஒன்றை உடனே தபாலில் போடு.

இப்படிக்கு,
உன் அம்மா ஆர்லீன்