அப்பாவுக்கு வந்த சிடி

அர்த்தநாரீஸ்வரர் துணை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். விளக்கும் ஏற்றுகிறேன்.

அப்பாவின் கருமாதி முடிந்து லண்டனுக்குக் கிளம்பும்போது, "நான் வாசிச்ச சிடியை அப்பா கேட்டாராம்மா?" என்று கேட்டாய். சுற்றிலும் உறவுக்காரர்கள் நின்றார்கள். அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

நீ அங்கேயே கல்யாணம் செய்துகொண்ட பிறகு, இந்த வீட்டில் அவர் உன் பெயரை எடுத்ததில்லை. தபாலில் அந்த சிடி வந்ததும், அட்டையில் இருந்த உன் படத்தை நெடுநேரம் பார்த்தார். கூட இருந்த புத்தகத்தை நான் அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். போன நூற்றாண்டில் இங்கிலாந்துக்காரர்கள் எழுதிய பியானோ கான்செர்ட்டோக்கள் என்றும், ஒரு பியானோவோடு பெரிய வாத்தியக் குழுவே சேர்ந்து வாசிக்கும் என்றும் சொன்னேன்.

"அத்தனை பேருக்கு எதுத்தாப்புல நம்ம புள்ளை ஒண்டியாவா?"

"ஆமாங்க."

"வாசிச்சுப்போடும். என்னையவே எதுத்துப் பேசுன புள்ளைதான?"

மறுநாள் குளித்துவிட்டு வந்து, புது லாரிக்குச் செய்வதுபோல அவரே அதற்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார். பளபளப்பான பக்கத்தில் இட்டுவிட்டதால் அது பாடவில்லை. "நாளைக்குக் கடையில காட்டிக்கலாம்" என்றார். அன்று சாயங்காலம்தான் அவருக்கு நெஞ்சு வலி வந்தது.

நேற்று நான் கடைக்குக் கொண்டுபோனேன். "துடைச்சாப் பாடிருங்கக்கா" என்று கடைக்காரர் துணியை எடுத்தார். வேண்டாங்க என்று வாங்கி வந்துவிட்டேன்.

அதை அப்படியே உனக்கு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நான் கேட்பதற்கு வேறொன்று அனுப்பு.

இப்படிக்கு,
அம்மா